புதுப்பிப்பு: ஐந்து மாதக் குழந்தையுடன் தம்பியின் கடற்கரைத் திருமணத்திற்குப் போய்வந்தோம்

லுமுட் அருகே தெலுக் பாத்திக் கடற்கரையில் நடக்கும் தம்பியின் திருமணத்திற்குக் கைக்குழந்தையை அழைத்துப் போகலாமா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். போய்வந்துவிட்டோம். மகள் நலமாக இருக்கிறாள்.

சுங்கை சிப்புட்டிலிருந்து விடியுமுன் கிளம்பி, ஈப்போ வழியாகப் போனோம். குழந்தையை மடியில் வைத்துக்கொள்கிறேன் என்றார் அத்தை. நான் இணங்கவில்லை. 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் குழந்தை இருக்கை கட்டாயம். சட்டம் இல்லாவிட்டாலும் அதில்தான் உட்கார வைத்திருப்பேன். சித்தியவானில் நிறுத்திப் பாலூட்டினேன்.

நான் அஞ்சியது வெயிலுக்குத்தான். ஆறு மாதத்திற்குள் வெயில் தடுப்புக் களிம்பைத் தவிர்த்து, நிழலில் வைத்திருப்பதே நல்லது என்று நீங்கள் பலர் எழுதியது பெரிதும் உதவியது. முகூர்த்தம் காலையிலேயே இருந்ததும் நல்லதாயிற்று. தங்குமிடத்தார் தருவதாகச் சொன்ன மின்விசிறி அறை கடைசிவரை கிடைக்கவில்லை. அப்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது. தோட்டத்தில் எங்கள் பக்கத்து வீட்டில் வாழ்ந்த பாட்டிதான் மரநிழலில் சேலையால் தூளி கட்டினார். கடல்காற்றில் மகள் ஒன்றரை மணி நேரம் தூங்கினாள்! பிழிந்த பாலை ஐஸ் பெட்டியில் வைத்திருந்ததால், நான் நாத்தனார் முடிச்சுப் போடப் போனபோது அம்மாவே ஊட்டிவிட்டார்.

தாலி கட்டியதும் தம்பி நேராகத் தூளியிடம் வந்து, மாலையைக் கழற்றிவிட்டு மருமகளைத் தூக்கிக்கொண்டான்.