மூன்றாம் வகுப்பு: வாரா வாரம் பெற்றோருக்கு என்ன எழுதி அனுப்புவது? (ஆசிரியர்கள் புனைபெயரில் எழுதிய கேள்வி-பதில்)

பலகைக்குறிப்பு:
34 பிள்ளைகள் உள்ள வகுப்பு. வெள்ளிக்கிழமைதோறும் அந்த வாரம் நடத்திய பாடங்களை ஒரு பக்கம் எழுதி வாட்ஸ்அப் குழுவில் போடுகிறேன். எழுதி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆகிறது. யாரும் படிப்பதாகத் தெரியவில்லை, திரும்பி வருவதெல்லாம் "தேர்வு எப்போது?" என்ற கேள்விதான். இன்னொரு சிக்கல், சில வீடுகளில் கழித்தலை வேறு முறையில் சொல்லிக்கொடுக்கிறார்கள், பிள்ளை இரண்டையும் போட்டுக் குழப்புகிறது. எவ்வளவு எழுதலாம், எதை விடலாம்? தமிழ் வாசிக்க வராத பெற்றோரும் சிலர் உண்டு.

சாக்குக்கட்டி:
ஒரு பக்கம் அதிகம். "கணக்கு: பாடம் 4, பயிற்சி 4.2 முடிந்தது" என்பது உங்கள் பாடக்குறிப்பேட்டுக்கு வேண்டிய வரி. வீட்டில் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. 80 சொற்களைத் தாண்டாமல் நிறுத்துங்கள், ஒவ்வொரு வாரமும் ஒரே வரிசையில். உதாரணமாக:

"கணக்கு: கடன் வாங்கிக் கழித்தல். 52-ஐ 4 பத்து, 12 ஒன்று என்று பிரித்துக்கொண்டு 27-ஐக் கழிக்கிறோம். தமிழ்: ல, ள, ழ வரும் சொற்கள். பார்த்து எழுதும்போது சரியாக வருகிறது, சொல்வதெழுதுதலில் மாறுகிறது. வீட்டில் கேளுங்கள்: 2-லிருந்து 7 போகாதே, என்ன செய்வாய்? அடுத்த வாரம்: நீளம் அளத்தல். புதன்கிழமை அளவுகோல் தேவை."

அவ்வளவுதான். சூழ்நிலையியலில் அந்த வாரம் சொல்லும்படி ஒன்றும் இல்லையென்றால் அந்த வரியே வேண்டாம். எல்லாப் பாடத்துக்கும் ஒரு வரி கட்டாயம் என்று வைத்துக்கொண்டால்தான் ஒன்றரை மணி நேரம் போகிறது.

"இன்று என்ன படித்தாய்?" என்றால் எந்தப் பிள்ளையும் "ஒன்றுமில்லை" என்றுதான் சொல்லும். கேட்க வேண்டிய கேள்வியை நீங்களே எழுதிக் கொடுத்தால் பேச்சு தொடங்கும். ஒரே ஒரு கேள்வி போதும். மூன்று கொடுத்தால் அது வீட்டுப்பாடமாகிவிடும்.

கழித்தல் குழப்பத்துக்கு வருவோம். உங்கள் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் பலர் படித்தது, மேலே 2-ஐ 12 ஆக்கிவிட்டு, ஈடுகட்டக் கீழே உள்ள பத்தில் ஒன்று கூட்டும் முறையாக இருக்கலாம். 12−7=5; கீழே 2 என்பது 3 ஆகும்; 5−3=2; விடை 25. அதுவும் சரியான முறைதான், அதைத் தப்பென்று எழுதிவிடாதீர்கள். இரண்டும் கலந்தால்தான் கெடுகிறது: மேலே 5-ஐ 4 ஆக்கி, கீழே 2-ஐ 3 ஆக்கினால் 15 வரும். 35 என்று எழுதினால் அது வேறு தவறு. ஒவ்வொரு இடத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது. இந்த இரண்டு விடைகளையும் காரணத்தோடு குறிப்பில் சொல்லி, கரும்பலகையில் செய்த ஒரு கணக்கின் படத்தையும் இணையுங்கள். முக்கியம், புது முறை வரும் வாரத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமையே இது போய்ச் சேர வேண்டும். நடத்திய பிறகு அனுப்பினால், அதற்குள் வீட்டில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்.

நேரம் மிச்சமாக ஒரு வழி: தினமும் கடைசி மணிக்கு முன் பாடக்குறிப்பேட்டின் ஓரத்தில் ஒரு வரி. "யாருக்கு எங்கே இடறியது" என்பது மட்டும். வெள்ளியன்று அதைக் கோத்தால் 20 நிமிடத்தில் முடியும்.

நான்காம்மணி:
மேலே சொன்னதெல்லாம் சரி, ஒன்றைத் தவிர. அளவுகோல் போன்ற பொருள்களை வெள்ளிக்கிழமைக் குறிப்பில் மட்டும் சொன்னால் புதன்கிழமை பாதிப் பேர் கொண்டுவர மாட்டார்கள். செவ்வாய் மாலை தனியாக ஒரு வரி அனுப்புங்கள்.

வாட்ஸ்அப் பற்றி: குழுவில் அட்மின் மட்டும் எழுதும்படி அமைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் குறிப்பு நாற்பது "நன்றி"க்கு மேலே காணாமல் போகும். செய்தியைக் குழுவின் மேலே நிறுத்தி வைக்கும் "பின்" (pin) வசதியில் 7 நாள் என்பதைத் தேர்ந்தெடுத்தால் அடுத்த குறிப்பு வரும்வரை மேலேயே நிற்கும். குழுவில் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும் என்பதும் நினைவில் இருக்கட்டும். அது வேண்டாமென்று பிராட்காஸ்ட் பட்டியலுக்கு (ஒரே செய்தியை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பும் வசதி) போனால், உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். சேமிக்காதவருக்குப் போகவில்லை என்பது உங்களுக்குத் தெரியவே வராது.

குறிப்பை அழகாக வடிவமைத்துப் படமாக அனுப்புகிறவர்கள் நிறைய. செய்யாதீர்கள். எழுத்தாக இருந்தால்தான் வேறு மொழிக்காரர் நகலெடுத்து மொழிபெயர்த்துப் பார்க்க முடியும். வாசிக்க வராதவர்களுக்கு ஒரு நிமிடத்துக்குள் குரல் பதிவு. எழுதியதை அப்படியே வாசிக்காமல், கேள்வியை முதலில் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்லுங்கள்.

ஓரக்கோடு:
படங்களில் கவனம். நோட்டைப் படம் எடுக்கும்போது அட்டையில் ஒட்டிய பெயர், உள்ளே போட்ட மதிப்பெண் இரண்டும் தெரியாமல் பாருங்கள். முகம் தெரியும் படத்துக்குப் பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் முன்கூட்டியே வேண்டும். "இந்த வாரம் சிறப்பாகச் செய்தவர்கள்" என்று ஐந்து பேர் பட்டியல் வேண்டவே வேண்டாம். அதில் இல்லாத 29 வீட்டிலும் அன்று இரவு விசாரணை நடக்கும். ஒரு பிள்ளையைப் பற்றிய கவலை இருந்தால் அந்த வீட்டுக்கு மட்டும் போன்.

யார் படித்தார்கள் என்று வகுப்பில் கை தூக்கச் சொல்லிக் கணக்கெடுக்காதீர்கள். இரவு வேலைக்குப் போகிற பெற்றோரின் பிள்ளை கூசிப்போகும்.

பலகைக்குறிப்பு:
நன்றி. ஒரு சந்தேகம்: பெற்றோருக்கே கணக்கு வராது என்றால், கேள்வி கேட்டுவிட்டு விடை சரியா என்று எப்படிப் பார்ப்பார்கள்?

சாக்குக்கட்டி:
அந்த வாரம் சொல்லிக் காட்டும் கேள்வியாக வைக்காமல், செய்து காட்டும் கேள்வியாக மாற்றுங்கள். "52 குச்சியை பத்துப் பத்தாகக் கட்டி வை. அதிலிருந்து 27 எனக்குக் கொடு." 5 கட்டும் 2 தனிக் குச்சியும் இருக்கும். 7 தனிக் குச்சி கொடுக்க ஒரு கட்டை அவிழ்த்தே ஆக வேண்டும். மீதி 2 கட்டும் 5 தனியும் இருந்தால் சரி. எண்ணத் தெரிந்தாலே போதும். அவிழ்க்காமல் மூன்று கட்டைக் கொடுத்துவிட்டு 3 குச்சியைத் திருப்பிக் கேட்கும் பிள்ளையும் உண்டு, அதுவும் சரியே என்று குரல் பதிவில் சொல்லிவிடுங்கள். நூலால் முடிச்சுப் போட வேண்டாம், ரப்பர் பேண்டு போடச் சொல்லுங்கள். சின்னக் கையால் முடிச்சை அவிழ்க்க முடியாமல் விளையாட்டு அங்கேயே நின்றுவிடும்.