நம்ம மலை வெளிச்சம் உங்கள் சிமுலேட்டரில் எப்படி வருகிறது? அனுபவம் சொல்லுங்கள்

கோத்தகிரிக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020, கணினியிலேயே விமானம் ஓட்டிப் பார்க்கும் மென்பொருள். கோவையில் செஸ்னா 172 என்ற சின்ன விமானத்தைக் கிளப்பி, மேட்டுப்பாளையத்துக்கு மேல் திரும்பி, பர்லியார் பள்ளத்தாக்கை ஒட்டியே குன்னூருக்கு ஏறுவதுதான் என் வழக்கமான சுற்று. மலையின் உருவத்தில் பெரிய குறை இல்லை. வெளிச்சம்தான் வேறு ஏதோ ஊருடையதாக இருந்தது. அதைச் சரிசெய்ய என்னென்ன போட்டுப் பார்த்தேன், எது தேறியது என்று எழுதுகிறேன்.

முதலில் எல்லாரும் போவது ரீஷேட் பக்கம்தான் (திரையில் வரும் படத்தின் நிறத்தை மாற்றும் மென்பொருள்), நானும் போனேன். யூடியூபில் ஆஹா ஓஹோ என்று காட்டிய ஒரு ப்ரீசெட்டை, அதாவது யாரோ முன்கூட்டியே செய்து வைத்த நிற அமைப்பை, இறக்கினேன். ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் பிரமாதம். பறந்தால் தேயிலைத் தோட்டம் கண்ணைக் கூசும் பச்சை, பக்கத்துச் சோலைக்காடு வெறும் கறுப்புத் திட்டு. காரணம் எளிது. சிமுலேட்டர் வரைந்து முடித்த படத்தின் மேல்தான் ரீஷேட் வேலை செய்கிறது. சூரியன் எங்கே நிற்கிறது, நீங்கள் மேகத்துக்குள் இருக்கிறீர்களா வெளியே இருக்கிறீர்களா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. காலை 7 மணிக்கு அழகாக இருக்கிற இளமஞ்சள் பூச்சு உச்சி வெயிலுக்கும் அப்படியே வந்து உட்காரும்.

ப்ரீசெட்டில் இருந்ததையெல்லாம் அணைத்துவிட்டு, கொஞ்சம் ஷார்ப்பன் (படத்தைக் கூர்மையாக்குவது) மட்டும் வைத்துக்கொண்டேன். அதையும் அதிகமாக ஏற்றினால் தூரத்து மரங்கள் மினுமினுக்கும்.

உண்மையான மாற்றம் வந்தது சிமுலேட்டருக்குள்ளேயே இருக்கும் ஒரு ஸ்லைடரில். வானிலைப் பலகையில் தனிப்பயன் வானிலையைத் திறந்தால் ஏரோசால் என்று ஒன்று இருக்கும், காற்றில் மிதக்கும் தூசி, புகையின் அளவு. வெறும் தெளிந்த வானத்தில் அது மிகக் குறைவு. எங்கள் வீட்டு மாடியிலிருந்து மார்ச், ஏப்ரலில் பார்த்தால் சமவெளி முழுக்கப் பால் கலந்த மூட்டமாக இருக்கும். முதல் மலைமுகடு பச்சை, அடுத்தது நீலப்பச்சை, அதற்கடுத்தது நீலம், கடைசி முகடு வானத்தோடு சேர்ந்துவிடும். காற்று மூலக்கூறுகள் நீல ஒளியை அதிகம் சிதறடிப்பதால் வரும் நிறம் அது. ஏரோசாலைக் கொஞ்சம் ஏற்றியதும் அந்தப் படிப்படியான மங்கல் திரையில் வந்துவிட்டது. ஒரு ரூபாய் செலவில்லை, எஃப்.பி.எஸ்ஸும் (நொடிக்கு எத்தனை படம் வருகிறது என்ற வேகம்) குறையவில்லை. மழை அடித்து ஓய்ந்த டிசம்பர் நாளுக்குத் திரும்பவும் இறக்கிவிடுவேன். ரொம்ப ஏற்றினால் மேட்டுப்பாளையமே காணாமல் போகும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம் சிமுலேட்டரின் அமைப்புகள் இருக்கும் யூசர் கான்ஃபிக் கோப்பு. அதில் போஸ்ட் பிராசஸ் என்ற பகுதியில் ஃபிலிம் கிரெயின் (பொடிப் புள்ளிகள்), விக்னெட் (ஓரம் இருள்வது), லென்ஸ் அழுக்கு என்று வரிசையாக இருக்கும். இதெல்லாம் கேமராவின் குணங்கள், விமானியின் கண்ணுக்கு இவை கிடையாது. எல்லாவற்றையும் 0 ஆக்கிவிட்டேன். சிமுலேட்டரை மூடிவிட்டு, கோப்பை ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டுத் தொடுங்கள்.

என் கட்சி இதுதான்: இந்த மோடுகளில் (சிமுலேட்டரை மாற்ற மற்றவர்கள் செய்து தரும் துணைக் கோப்புகள்) பெரும்பாலானவை வேறு எங்கேயோ இருப்பவர் தன் ஊர் வானத்தைப் பார்த்துச் செய்தவை. நமக்குச் சன்னலைத் திறந்தாலே அசல் இருக்கிறது. அதோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் எதையும் வைத்துக்கொள்ள வேண்டும். உங்கள் பக்கம் எப்படி?

கொடை மேகம்:

நல்ல பதிவு அண்ணா. நான் ஓட்டுவது எக்ஸ்-பிளேன் 12 என்ற இன்னொரு சிமுலேட்டர். 2022 டிசம்பரில் முழுப் பதிப்பாக வந்தது. இதில் சூரியன், விளக்கு, வானம் எல்லாவற்றுக்கும் ஒளியளவை நிஜ அளவுகளிலேயே கணக்கிடுகிறார்கள். அதனால் வெளியே வெயில் அடிக்கும்போது காக்பிட் (விமானி உட்காரும் அறை) உள்ளே இருட்டாகத் தெரியும். இதைக் குறையென்று நினைத்து, உள்ளே வெளிச்சம் கூட்டும் மோட் போடுகிறவர்கள் நிறைய. நான் போட்டு, எடுத்துவிட்டேன். கொடைக்கானலில் 2,100 மீட்டர் உயரத்தில் மதிய வெயிலில் நின்றுவிட்டுக் கடைக்குள் நுழைந்தால் கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியாது இல்லையா, அதேதான். உள்ளே டோம் லைட்டை (கூரை விளக்கு) போட்டுக்கொண்டால் மீட்டர்கள் படிக்க முடிகிறது.

என் தலைவலி வேறு. ஆர்த்தோ4எக்ஸ்பி என்ற கருவியை வைத்துப் பழனி மலைக்குச் செயற்கைக்கோள் படத் தரை போட்டிருக்கிறேன். இந்தப் படங்களில் பெரும்பாலானவை காலை பத்தரை மணியை ஒட்டி எடுக்கப்பட்டவை. அப்போது சூரியன் கிழக்கே இருக்கும், நிழல் மேற்குச் சரிவில் விழும். அந்த நிழல் படத்திலேயே பதிந்துவிடுகிறது. மாலை 5 மணிக்கு வத்தலகுண்டு பக்கமிருந்து பெருமாள் மலையை நோக்கி வந்தால், சிமுலேட்டர் தன் கணக்குப்படி கிழக்குச் சரிவை இருட்டாக்குகிறது. மேற்குச் சரிவோ ஏற்கெனவே இருட்டு. மலைக்கு இரண்டு பக்கமும் நிழல்! எந்த லைட்டிங் மோடும் இதைத் தீர்க்காது. வேறு பட மூலத்தில் அதே இடத்தை இறக்கிப் பார்த்து, நிழல் குறைவாக உள்ளதைத் தேர்ந்தெடுப்பதுதான் வழி. அதோடு நல்ல மெஷ் ஒன்று, அதாவது தரையின் மேடுபள்ள வடிவம். மேடுபள்ளம் கூர்மையாக இருந்தால்தான் சாய்ந்த வெயில் அதில் விளையாடும். என்னைக் கேட்டால் காலை, மாலை வெளிச்சத்துக்கு லைட்டிங் மோடைவிட மெஷ்தான் முக்கியம்.

சூரியனைத் தினம் படம் பிடிக்கும் ஆய்வகம் 1899 முதல் இருக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு நிழலைப் பற்றிப் புலம்புகிறேன், என்ன செய்வது.

கூடலூர் வாசி:

பகல் கதை நீங்கள் சொல்லிவிட்டீர்கள், இரவுக் கதை நான் சொல்கிறேன். தொரப்பள்ளி சோதனைச் சாவடி தாண்டி முதுமலை, பந்திப்பூர் வழியாகப் போகும் மைசூர் சாலையை இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை மூடிவிடுவார்கள். 2009 முதல் இந்தத் தடை இருக்கிறது. ஆம்புலன்சும் சில பஸ்களும் தவிர வண்டி கிடையாது. என் திரையிலோ நள்ளிரவில் காட்டுக்குள் ஹெட்லைட் வரிசையாகப் போகிறது, கல்யாண வீட்டுக்கு சீரியல் லைட் கட்டிய மாதிரி. யானை பார்த்தால் சிரிக்கும்.

டிராஃபிக் அமைப்பில் சாலை வாகனத்தைப் பூஜ்யம் ஆக்கினேன், காடு இருண்டது. ஆனால் கோவையிலும் வண்டிகள் போய்விட்டன. வேறு வழியில்லை, எந்தப் பக்கம் பறக்கிறோமோ அதற்குத் தகுந்தாற்போல் மாற்றிக்கொள்கிறேன்.

விளக்கு நிறத்தை மாற்றும் மோடும் ஒன்று போட்டேன். ஊரெல்லாம் சோடியம் விளக்கின் ஆரஞ்சு. பார்க்க நன்றாகத்தான் இருந்தது, சின்ன வயதில் பார்த்த கோவை அது. இப்போது பெரும்பாலும் வெள்ளை எல்இடி வந்துவிட்டது, நடுநடுவே பழைய ஆரஞ்சு. முழு ஆரஞ்சும் பொய், முழு வெள்ளையும் பொய். கலவையாகத் தரும் மோட் யாருக்காவது தெரியுமா?

ஊட்டி மாணவன்:

என்னிடம் பழைய கேமிங் லேப்டாப்தான். மோட் போட்டால் மூச்சு வாங்கும். மழைக்காலத்தில் நெட்டும் படுத்துவிடும், தரைப்படம் மங்கலாக வரும், அப்போது வெளிச்சம் எப்படி இருந்தால் என்ன! முத்தோரை ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளம், என் திரையில் தரையோடு தரையாகப் படுத்திருக்கிறது. காசு செலவில்லாமல், எஃப்.பி.எஸ் குறையாமல் வேறு ஏதாவது இருந்தால் சொல்லுங்கள் அண்ணா.

குன்னூர் பழையவர்:

தம்பி, முதலில் மானிட்டரைப் பார். கடையில் வாங்கி வந்தபடியே பிரைட்னஸ் உச்சத்தில் இருக்கும். இரவுப் பறப்புக்கு அதைப் பாதி அளவுக்கும் கீழே இறக்கு. அறை விளக்கை அணை, மானிட்டருக்குப் பின்னால் சுவரில் படும்படி ஒரு சின்ன வெள்ளை விளக்கு மட்டும் வை. கறுப்பு கறுப்பாகத் தெரியும், கண்ணும் களைக்காது. பெட்டியில் எச்டிஆர் (வெளிச்சத்தையும் இருட்டையும் அதிக வீச்சில் காட்டும் வசதி) என்று போட்டிருந்தாலும் மலிவு மானிட்டர் என்றால் அதை அணைத்தே வை, வானம் வெளுத்துப் போகும். நான் 2006-இல் வந்த எஃப்.எஸ்.எக்ஸ் என்ற பழைய மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டர் காலத்திலிருந்து இதில் இருக்கிறேன். அப்போது ஈஎன்பி என்று ஒரு மோட், ப்ளூம் (வெளிச்சத்தைச் சுற்றி ஒளி பரவ வைப்பது) போட்டு ஓடுபாதையையே ஜொலிக்க வைத்தோம். அந்த ஆசை யாருக்கும் இன்னும் போகவில்லை.

கோத்தகிரிக்காரன்:

அண்ணா சொன்ன விளக்கை நேற்றே வைத்துவிட்டேன், வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது.

அந்தி நேரம் பற்றி ஒன்று விட்டுப்போனது. நம் மலைகளில் சூரியன் மறைந்து சுமார் 22 நிமிடத்தில் அந்தி முடிந்துவிடும். லண்டனில் ஜூன் மாதம் அது முக்கால் மணி நேரத்துக்கு மேல் இழுக்கும். நிழல்களை வெளுக்க வைக்கும் ப்ரீசெட் போட்டால் நம் அந்தியும் அதுபோல நீண்டு தெரியும். கோவையில் இறங்குவதற்குள் இருட்டிவிட வேண்டும், ஆனால் இருட்டாது. அதனால் அந்த மாதிரி ப்ரீசெட்டை வைத்துக்கொள்வதில்லை.

சூரியன் சரியான இடத்தில்தான் இருக்கிறதா என்று சந்தேகம் உள்ளவர்கள் இப்படிச் சோதிக்கலாம். ஏப்ரல் 20-ஐ ஒட்டி ஒரு முறை, ஆகஸ்ட் 23-ஐ ஒட்டி இன்னொரு முறை நீலகிரியில் நண்பகலில் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும். சிமுலேட்டரில் தேதியை ஏப்ரல் 20 என்று வைத்து, நேரத்தை 12:20-க்குக் கொண்டுவந்து, ஊட்டிக்கு மேல் விமானத்தை வெளியிலிருந்து பாருங்கள். நிழல் நேர் கீழே விழும். என்னுடையதில் விழுந்தது. கொடைக்காரர் தேதியை ஏப்ரல் 16, 17 பக்கம் வைத்துப் பாருங்கள். எக்ஸ்-பிளேனில் எப்படி வருகிறது என்று படத்தோடு போடுங்கள். கூடலூர்க்காரரின் கலவை விளக்குக் கேள்விக்கும் யாராவது பதில் சொல்லுங்கள், எனக்கும் வேண்டும்.