93 (பாரிஸுக்குப் பக்கத்து சென்-சாந்-தெனி மாவட்டம்) எண்டு அட்ரஸ் கண்டாலே சீவியை (CV) மூடி வைக்கிறாங்களோ?

லாக்கூர்னேவ் மாமா:
அக்கான்ர மகன் கணக்கியல்ல பேதேஎஸ் (BTS, ரெண்டு வருசப் படிப்பு) முடிச்சிட்டு வேலை தேடுறான். சீவி அனுப்பி அனுப்பிக் களைச்சுப்போனான், ஒரு பதிலும் இல்லை, அவனோட படிச்ச பெடியன் பாரிஸ் 15இல இருக்கிறான், அவனை உடன கூப்பிட்டிட்டாங்கள், மார்க்ஸ் இவனுக்குத்தான் கூட. லாக்கூர்னேவ் தபால் இலக்கம் 93120ஐத் தூக்கிட்டு பாரிஸுக்குள்ள லாச்சப்பல்ல இருக்கிற என்ர சிநேகிதன்ர அட்ரஸைப் போடட்டோ எண்டு கேக்கிறான். பிறகு பிரச்சினை வருமோ? அத்தான் தன்ர ரெஸ்ரோரண்டுக்கு வரச்சொல்லி நிக்கிறார், அக்காவுக்கு விருப்பமில்லை.

நொவம்பர் மழை:
பொய் அட்ரஸ் வேண்டாம் அண்ணை. சீவியில அட்ரஸ் கட்டாயமே இல்லை, போன் நம்பர், ஈமெயில் போதும், கொந்திரா (வேலை ஒப்பந்தம்) எழுதேக்க உண்மையைக் குடுக்கட்டும். இருக்கிற இடத்தைப் பார்த்து ஒதுக்கிறது 2014இல இருந்து சட்டப்படி பிழை. ஆனா பதிலே போடாதவனை எப்படிப் பிடிக்கிறது?

சூடான பாணிஸ்:
அட்ரஸை மறைக்கலாம், பேரை எங்க மறைக்கிறது? இதே 93இல இருக்கிற கிளிஷி சூ புவாவில 2005 கலவரம் தொடங்கேக்க அந்த ஊருக்கு ஒரு ஸ்ரேசன் இல்லை, ட்ராம் போனதே 2019இல. பாரிஸுக்குப் பக்கத்தில இருந்துகொண்டு வேலைக்குப் போறதே ஒரு பயணமா இருந்தா ஆர் எடுப்பான்?

பழைய கொமி:
குசினிக்கு மட்டும் விட்டிடாதேங்கோ. எங்கட ஆக்கள் வந்த உடன வேலை எடுத்துத் தருவினம், அந்த உதவியை நான் குறை சொல்லேல்லை, ஆனா அதுக்குள்ளயே இருந்திடுவம். மத்தியானச் சேர்விசுக்கும் இரவுச் சேர்விசுக்கும் நடுவில கூப்பூர் எண்டு சம்பளமில்லாத இடைவேளை, வீட்டை போய்வர நேரம் காணாது, பிரெஞ்ச் வகுப்புக்கும் காணாது, இரவு கடைசி மெத்ரோ 7ஐப் பிடிக்க ஓடுறது. குசினிக்க முழுக்கத் தமிழ், பாஷை எங்க வரும்? முழு குசினியையும் நடத்துறவனுக்கும் பத்ரோன் (முதலாளி) பேப்பரில கொமி, அதாவது உதவிச் சமையல்காரன் எண்டுதான் எழுதுவான்.

நொவம்பர் மழை:
உண்மை. அவன் அல்தெர்னான்ஸில (வேலை செய்துகொண்டே படிக்கிறது) தேசேஜே (DCG, கணக்கியல் பட்டம்) செய்யட்டும், படிப்பும் சம்பளமும் ஒண்டாப் போகும், ஒரு காபினேக்குள்ள (கணக்காளர் அலுவலகம்) கால் வைச்சா பிறகு சீவியில அந்தக் காபினேன்ர பேர்தான் கண்ணில படும். 26 ஆகேல்லை எண்டா மிசியோன் லோக்காலுக்கும் (இளம் ஆக்களுக்கு வேலை தேட உதவுற இடம்) போகச் சொல்லுங்கோ. முந்தி இப்படியான சித்தேயில (வசதி குறைஞ்ச குடியிருப்புப் பகுதி) இருந்து ஆள் எடுத்தா கொம்பனிக்கு அரசாங்கம் வருசம் 5000 யூரோ வரை குடுத்தது, அது 2024ஓட முடிஞ்சுது.

லாக்கூர்னேவ் மாமா:
நன்றி, அட்ரஸை எடுக்கச் சொல்லிட்டன். அல்தெர்னான்ஸுக்கு ஆள் எடுக்கிற காபினே ஆருக்காவது தெரிஞ்சா இன்பொக்ஸ் பண்ணுங்கோ. அத்தானுக்கு இன்னும் சொல்லேல்லை.