'முயல்கள்' என்று அழைக்கப்பட்ட பெண்கள்

பெர்லினில் பயிற்சிக்காகத் தங்கியிருந்த நாட்களில், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபியூர்ஸ்டென்பெர்க் என்னும் சிற்றூருக்கு ரயிலேறினேன். நிலையத்திலிருந்து நடந்தே சென்றால் ஏரி வருகிறது. அதன் கரையில்தான் பெண்களுக்கென்றே நாஜிகள் 1939இல் திறந்த ராவன்ஸ்புரூக் வதைமுகாம் இருந்தது. கைதிகளை அடைத்திருந்த கொட்டகைகள் இப்போது இல்லை. அவை நின்ற இடங்கள் கறுத்த தரையில் பள்ளங்களாகத் தெரிகின்றன. நான் அறுவை சிகிச்சை மருத்துவர் என்பதால், நோயாளிக் கொட்டகை எங்கே இருந்தது என்பதையே முதலில் தேடினேன்.

அங்கே 1942 கோடையிலிருந்து 74 போலந்துப் பெண்களைச் சோதனைக்கு ஆளாக்கினார்கள். பலரின் கால்களைக் கீறி, கிருமிகளையும் மரத்தூளையும் கண்ணாடித் துகள்களையும் காயத்துக்குள் வைத்தார்கள். கிருமித் தொற்றுக்குத் தரப்படும் சல்ஃபா மருந்து போர்முனைக் காயங்களுக்கு உதவுமா என்று பார்ப்பதற்காம். வேறு சிலரிடமிருந்து எலும்பையும் தசையையும் வெட்டியெடுத்தார்கள். இதை நடத்திய கார்ல் கெப்ஹார்ட், நாஜித் தலைவர்களில் ஒருவரான ஹிம்லரின் சொந்த மருத்துவர். பெயர் பெற்ற அறுவை நிபுணர். அரைகுறையாகக் கற்றவர்கள் செய்த கொடுமை என்று எண்ணி ஆறுதல் அடைய எனக்கு வழியே இருக்கவில்லை.

போருக்குப் பின் இத்தகைய சோதனைகளை விசாரித்த நியூரம்பெர்க் மருத்துவர் வழக்கில் நிறுத்தப்பட்ட 23 பேரில் ஒரே பெண், இந்த முகாமின் மருத்துவராக இருந்த ஹெர்டா ஓபர்ஹாய்சர். அவருக்கு 1947இல் 20 ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. ஆனால் 1952இலேயே வெளியே வந்து, வடஜெர்மனியின் ஸ்டோக்ஸே கிராமத்தில் குடும்ப மருத்துவராகத் தொழில் நடத்தினார். முகாமிலிருந்து பிழைத்த ஒருவர் 1956இல் அவரை அடையாளம் கண்ட பிறகுதான் எதிர்ப்பு கிளம்பியது. 1958இல் மருத்துவ உரிமம் பறிபோனது. அந்தச் செய்தியைப் படித்தபோது வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

சோதனைக்கு ஆளானவர்களை முகாமில் 'முயல்கள்' என்றார்கள். அவர்களும் தங்களை அப்படியே சொல்லிக்கொண்டார்கள். ஊன்றுகோலோடு சென்று முகாம் தலைமையிடம் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். வீட்டுக்கு எழுதிய கடிதங்களின் வரிகளுக்கிடையே, சிறுநீரையே கண்ணுக்குத் தெரியாத மையாக்கி, நடந்ததை எழுதியனுப்பினார்கள். 1945 தொடக்கத்தில் சாட்சிகளே மிஞ்சக் கூடாதென்று அவர்களைக் கொல்ல முற்பட்டபோது, மற்றக் கைதிகள் அவர்களுடைய கைதி எண்களை மாற்றியும் கொட்டகைகளுக்குள் ஒளித்தும் பெரும்பாலோரைக் காப்பாற்றினார்கள்.

முகாமுக்குள்ளேயே திருட்டுத்தனமாகத் தங்கள் கால்களைப் படமெடுத்தும் வைத்தார்கள். அந்தப் படச்சுருளைப் பிரெஞ்சுக் கைதியான ஜெர்மேன் திலியோன் பத்திரமாக வெளியே கொண்டுவந்தார். 1946 டிசம்பரில், அந்தப் பெண்களில் ஒருவரான யாட்விகா ஜிடோ நியூரம்பெர்க் நீதிமன்றத்தில் நின்று தம் காலைக் காட்டினார். அவர் அப்படி நிற்கும் படத்தின் முன் நின்றபோது, எந்தத் தசை போயிருக்கும், நடை எப்படி மாறியிருக்கும் என்று என் கண் தானாகவே கணக்கிடத் தொடங்கிவிட்டது. அதை உணர்ந்ததும் கூசிப்போய், கால் மீதிருந்த பார்வையை எடுத்து அவர் முகத்தைப் பார்த்தேன்.