கணவருக்கு ஆர்.பி.: கூட வாழ்கிறவர்கள் சொல்லுங்களேன்

என் கணவருக்கு ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா, சுருக்கமாக ஆர்.பி. என்கிற விழித்திரை நோய். கல்யாணமான புதிதில் இருட்டினால் என் கையை விடவே மாட்டார். ஆசையில் பிடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்! மாலைக்கண் என்று பிறகுதான் தெரிந்தது. விழித்திரையில் மங்கல் வெளிச்சத்தைப் பார்க்கிற செல்கள் முதலில் சாகுமாம். அப்புறம் ஓரப் பார்வை சுருங்கும். நடுப்பார்வைதான் அதிக நாள் தாக்குப்பிடிக்கும்.

நமக்கு இரண்டு கண்ணும் சேர்ந்து சுமார் 180 டிகிரி தெரியும். அவருக்கு மிச்சம் 15. சில நாடுகளில் 20-க்குக் குறைந்தாலே சட்டப்படி பார்வையற்றவர் கணக்கு. ஆனால் அந்த 15-க்குள் பொடி எழுத்தைக்கூட வாசித்துவிடுவார். தொல்லையே இதுதான். பேப்பர் படிக்கிற மனுஷன், கை நீட்டியதைப் பார்க்கவில்லை என்றால் யார் நம்புவார்கள்? வெள்ளைக் கோலை மடித்து வைத்துவிட்டு போனைப் பார்த்தவரிடம், "நடிக்கிறீங்களா?" என்று ஒருவர் கேட்டேவிட்டார்.

வீட்டில் எங்கள் எதிரி பாதி திறந்த கதவு. முழுக்கத் திறந்திருந்தாலும் சமாளிப்பார், மூடியிருந்தாலும் சமாளிப்பார். பாதியில் நின்றால் அந்த விளிம்பு கண்ணில் படாது, நேரே நெற்றியில்தான். போன தடவை அலமாரிக் கதவை அப்படி விட்டது நான். மூன்று தையல். அவர் ஒன்றுமே சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

கேட்க வந்தது இதுதான்: "இன்னும் எத்தனை வருஷம்" என்ற கேள்வியை நீங்களெல்லாம் என்ன செய்கிறீர்கள்? வருஷா வருஷம் ஃபீல்ட் டெஸ்ட் (பார்வை எவ்வளவு அகலம் என்று அளப்பது) தாள் வந்ததும், தெரியாத இடத்தைக் காட்டும் கறுப்பு பெருகியிருக்கிறதா என்று அவர் கைக்குப் போகுமுன் நான் பார்த்துவிடுகிறேன்.

பதில் (மனைவிக்கு ஆர்.பி.):
அந்தக் கேள்வியை நாங்களும் டாக்டரிடம் கேட்டோம். கையை விரித்தார். இதற்குக் காரணமான ஜீன்கள் 80-க்கும் மேல். ஒரே வீட்டில் இவளுக்கு ஒரு வேகம், இவள் அண்ணனுக்கு வேறு வேகம். ஜீன் டெஸ்ட் எடுத்ததே ஒரு நப்பாசையில்தான். 2017-ல் அமெரிக்கா அனுமதித்த லக்ஸ்டர்னா என்ற ஜீன் சிகிச்சை ஆர்.பி.ஈ.65 என்ற ஒரே ஒரு ஜீனில் பழுது உள்ளவர்களுக்குத்தான். இவளுக்கு அது இல்லை. ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை.

ஆனால் அந்த டெஸ்டில் ஒரு நிம்மதியும் கிடைத்தது. இவளுடையது, அப்பா அம்மா இருவரிடமிருந்தும் பழுது வந்தால்தான் வரும் வகை. என்னையும் சோதித்தார்கள், அந்த ஜீனில் பழுது இல்லை. பிள்ளைகள் கேரியராக மட்டும் இருப்பார்கள், அதாவது பழுதைச் சுமப்பார்கள், நோய் வராது. ஒருவரிடமிருந்து வந்தாலே போதும் என்கிற வகையும் உண்டு. அதில் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி. உங்களுக்கு எந்த வகை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பதில் (கணவருக்கு ஆர்.பி., 19 வருஷம்):
மருந்தில்லாத நோய்க்கு டாக்டர் எதற்கு என்று நாங்கள் நான்கு வருஷம் போகவே இல்லை. முட்டாள்தனம். திடீரென எல்லாம் மங்கியதும், அவ்வளவுதான் என்று இருவரும் உட்கார்ந்து அழுதோம். போய்ப் பார்த்தால் கண்புரை! ஆர்.பி. உள்ளவர்களுக்குச் சின்ன வயதிலேயே வருமாம். ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்ததும் என்னைப் பார்த்து, "உனக்கு இவ்வளவு நரையா?" என்றார். சிலருக்கு விழித்திரை நடுவில் நீர் கோத்துக்கொள்ளும், அதற்கும் சொட்டு மருந்தும் மாத்திரையும் இருக்கின்றன. ஆர்.பி. தலையில் எல்லாப் பழியையும் போட்டுவிடாதீர்கள். யாராவது வைட்டமின் ஏ மாத்திரை சாப்பிடச் சொன்னால் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். சில ஜீன் பழுதுகளில் அதுவே கெடுதல்.

முதலில் எழுதியவர்:
எல்லாவற்றையும் அவருக்கு வாசித்துக் காட்டினேன். "கதவு விஷயத்தை எதுக்குப் போட்டே?" என்றார். புரை இருக்கிறதா பார்க்க நேரம் வாங்கியாயிற்று. இந்தத் தடவை ஃபீல்ட் டெஸ்ட் தாளைத் தானே முதலில் பார்ப்பாராம், கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.