கடன்-குத்தகை உதவி இல்லாமல் சோவியத் ஒன்றியம் வென்றிருக்குமா?

தக்கலை வாசகன்:
1941 மார்ச் 11 அன்று அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட கடன்-குத்தகைச் சட்டத்தின் கீழ் அமெரிக்கா நேச நாடுகளுக்கு அனுப்பிய சுமார் 5,000 கோடி டாலர் பெறுமானமுள்ள பொருள்களில், சோவியத் ஒன்றியத்துக்குக் கிடைத்தது ஏறத்தாழ 1,100 கோடி. இந்த உதவியே ஹிட்லரை வீழ்த்தியது என்ற வாதத்தை என்னால் ஏற்க இயலாது. 1941 டிசம்பரில் மாஸ்கோவின் வாசலில் ஜெர்மன் படை தடுத்து நிறுத்தப்பட்டபோது வந்து சேர்ந்திருந்த அமெரிக்கச் சரக்கு மிகச் சொற்பம். பெரும்பகுதி வந்திறங்கியது 1943 பிப்ரவரியில் ஸ்டாலின்கிராடு மீட்கப்பட்ட பிறகுதான். இரண்டு கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறிகொடுத்த மக்களின் வெற்றியை வேறொருவர் கணக்கில் வரவு வைப்பது அநியாயம்.

குளச்சல் மாலுமி:
அண்ணன் சொல்லும் கால வரிசை சரியானது. ஆனால் வாசலில் தடுத்து நிறுத்துவது வேறு, பெர்லின் வரை துரத்திச் செல்வது வேறு. பீரங்கிகளைச் சேற்றிலும் பனியிலும் இழுத்துச் சென்றவை அமெரிக்கா அனுப்பிய ஸ்டூடிபேக்கர் லாரிகள். கத்யூஷா ராக்கெட்டுகளின் ஏவுசட்டங்களைக்கூட அவற்றின் முதுகில்தான் பொருத்தினார்கள். லாரியும் ரயில் எஞ்சினும் வெளியிலிருந்து வந்ததால்தான் சோவியத் தொழிற்சாலைகள் டாங்கி செய்வதில் முழுமூச்சாக இறங்க முடிந்தது.

அவற்றைக் கொண்டு சேர்த்தவர்களையும் நினைக்க வேண்டும். 1942 ஜூன் இறுதியில் ஐஸ்லாந்திலிருந்து சோவியத் துறைமுகங்களுக்குச் சரக்கு ஏற்றிப் புறப்பட்ட பி.க்யூ.17 என்ற கப்பல் அணியில் 35 சரக்குக் கப்பல்கள் இருந்தன. ஜெர்மனியின் டிர்பிட்ஸ் போர்க்கப்பல் வருகிறது என்று அஞ்சிய லண்டன் கடற்படைத் தலைமை, ஜூலை 4 இரவு காவல் போர்க்கப்பல்களைத் திரும்ப அழைத்துக்கொண்டு, சரக்குக் கப்பல்களைச் சிதறிப் போகச் சொன்னது. டிர்பிட்ஸ் அவற்றைத் தொடவே இல்லை. நீர்மூழ்கிகளிடமும் விமானங்களிடமும் பெரும்பாலும் தனித்தனியாக அகப்பட்டு, மொத்தம் 24 கப்பல்கள் மூழ்கின. கப்பல் வேலைக்குப் பிள்ளைகளை அனுப்பும் நம் கடற்கரைக்காரர்களுக்கு, நடுக்கடலில் துணையின்றி விடப்படுவது என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

நாஞ்சில் ஆசிரியை:
கப்பல்கள் எங்கே போயின என்று இருவரும் பேசுகிறீர்கள்; எங்கிருந்து எடுக்கப்பட்டன என்று நான் கேட்கிறேன். 1942-இல் பர்மா ஜப்பானியர் கையில் விழுந்ததும், நம் பகுதி அப்போது சேர்ந்திருந்த திருவிதாங்கூருக்குப் பர்மா அரிசி வருவது நின்றுபோனது. நாஞ்சில் நாட்டு நெல் சமஸ்தானம் முழுவதற்கும் எட்டாமல், பலருக்கு மரச்சீனிக் கிழங்கே சோறானது. 1943 ஜனவரியில் பிரிட்டன் பிரதமர் சர்ச்சில், இந்தியப் பெருங்கடலுக்கு வரும் கப்பல்களைப் பாதிக்கும் கீழாகக் குறைத்து அட்லாண்டிக் பக்கம் திருப்பினார். அதே ஆண்டில் வங்காளம் பட்டினியில் மடிந்தது. பஞ்சத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. எனினும் நேச நாடுகளின் உதவிக் கணக்கைப் போடும்போது இந்தப் பக்கத்தைப் புரட்டாமல் விடுவது எனக்கு உறுத்துகிறது.

குளச்சல் மாலுமி:
டீச்சர், அது பிரிட்டனின் முடிவு. அந்தப் பழியை அமெரிக்க உதவியின் மேல் சுமத்தலாகாது.

நாஞ்சில் ஆசிரியை:
பிரிட்டனின் முடிவு மட்டும் அல்ல, தம்பி. 1944 ஏப்ரலில், ஆஸ்திரேலியக் கோதுமையை இந்தியாவுக்கு ஏற்றிவரக் கப்பல் தந்து உதவும்படி அதே சர்ச்சில் ரூஸ்வெல்ட்டிடம் கேட்டார். படை நடவடிக்கைகள் பாதிக்கப்படும் என்று காரணம் சொல்லி, ஜூன் மாதத்தில் ரூஸ்வெல்ட் மறுத்துவிட்டார்.