புதுப்பிப்பு: காலையில் ஸ்டார்ட் ஆகாத டீசல் பிக்கப், பி0087 கோளாறு தீர்ந்தது

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. ராத்திரி நின்ற வண்டி காலையில் நெடுநேரம் செல்ஃப் அடித்தால்தான் பிடிக்கும், ஸ்கேனரில் பி0087, அதாவது ரயில் பிரஷர் (இன்ஜெக்டர்களுக்கு டீசல் தரும் பொதுக் குழாயின் அழுத்தம்) குறைவு என்று முன்பு இங்கே எழுதியிருந்தேன்.

இன்ஜெக்டர் ரிட்டர்ன் (இன்ஜெக்டரிலிருந்து திரும்பி வரும் டீசல்) நாலிலும் சமம், அதனால் இன்ஜெக்டர் மேல் சந்தேகமில்லை. ஃபில்டருக்கும் ஹை பிரஷர் பம்புக்கும் நடுவே உள்ளே தெரியும் ட்யூப் போடச் சொன்ன அண்ணனின் யோசனைதான் பலித்தது: செல்ஃப் அடித்ததும் காற்றுக் குமிழிகள் ஓடின. ஃபில்டர் அடியிலுள்ள வாட்டர் சென்சாரின் (டீசலில் தண்ணீர் இருந்தால் காட்டுவது) ஓ-ரிங், அதாவது ரப்பர் வளையம், விரிசல் விட்டிருந்தது. புதியது போட்டு, கைப்பம்பில் ஏர் எடுத்தேன். மறுநாள் காலை உடனே பிடித்தது. பம்பை மாற்றியிருந்தால் கஸ்டமருக்குப் பெரிய செலவு.

எதிர்பாராதது, வெளியே ஒரு சொட்டு டீசல்கூட இல்லை. ஃபில்டர் இருப்பது, ஹை பிரஷர் பம்பு டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சும் பக்கம்; இன்ஜின் ஓடும்போது டீசல் கசியாது, காற்றுதான் உள்ளே போகும். டேங்குக்குள் மின்பம்பு உள்ள வண்டிகளில் இந்த லைனிலும் அழுத்தம் இருக்கும். அங்கே கசிவு வெளியே தெரியும்.